ரங்கத் பாத்தியில் புதுக்கிழங்கு

இந்தத் தீவில் உருளைக்கிழங்கு மண்ணிலிருந்து வருவதில்லை, கப்பலிலிருந்து வருகிறது. மெயின்லாண்டில் மூட்டை கட்டி, போர்ட் பிளேரில் இறக்கி, அபர்டீன் பஜாரில் சில நாள் கிடந்து, பிறகு லாஞ்ச் ஏறி எங்கள் ரங்கத் கடைக்கு வந்து சேர்வதற்குள் அதன் கண்ணிலெல்லாம் வெள்ளை முளை விரல் நீளத்துக்கு வந்துவிடும். கப்பல் தாமதமானால் கிழங்கே கிடையாது. வந்த புதிதில் கடையில் எதைக் கேட்டாலும் "ஜஹாஜ் ஆனே தோ" என்பார்கள், கப்பல் வரட்டும் என்று. கிழங்குக்கும் அதே பதில், கடுதாசிக்கும் அதே பதில், காய்ச்சல் மருந்துக்கும் அதே பதில். நுவரெலியாவுக்கு மேலே, கிழங்கு விளைகிற குளிரில் பிறந்து வளர்ந்தவள் நான். நாலு கிழங்குக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் கடைக்காரர் முளைத்த கிழங்குகளைப் பொறுக்கி ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அதைத்தான் கொடுங்கள் என்று கையைக் காட்டினேன். "யே கராப் ஹை" என்றார், கெட்டுப்போனது என்று. "யஹி சாஹியே" என்றேன். இதுதான் வேண்டும் என்று. அப்போது எனக்குத் தெரிந்த இந்தி மொத்தமே இருபது வார்த்தைக்குள். மனிதர் என் முகத்தைப் பார்த்தார், ஒட்டுப்போட்ட சேலையைப் பார்த்தார், அவர் கண் கலங்கிவிட்டது. முளைத்ததைத் தள்ளிவிட்டு நல்ல கிழங்காக நாலு எடுத்து என் பைக்குள் போட்டு, காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஐயா, நான் பிச்சைக்கு வரல, வெதைக்கு வந்தேன்" என்று தமிழில் கத்தினேன். அவர் இன்னும் இரண்டு நல்ல கிழங்கு எடுத்துப் போட்டார். கடைசியில் ஒதுக்கிவைத்த குவியலை நானே முந்தானையில் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் இன்றைக்கும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மண்டபம் முகாமில் என்னோடு வரிசையில் நின்றவர்களே, கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் போய்ச் சேர்ந்தவர்களே, இன்னும் சிலோன் தோட்டத்து லய வீடுகளிலேயே இருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்கிறார்கள். பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. முகாமில் ஓர் அதிகாரி, "சொந்த ஊர் எது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "அது சிலோன். இந்தியாவில் எந்த ஊர்?" என்றார் அதிகாரி. இவர் ரொம்ப நேரம் யோசித்து, "துறையூர்ப் பக்கம்னு எங்கப்பா சொல்லுவாருங்க" என்றார். அதை எழுதிக்கொண்டார்கள். ஆனால் துறையூருக்கும் அனுப்பவில்லை. அவருடைய அண்ணன் குடும்பத்துக்குக் கோத்தகிரியில் தேயிலை வேலை கிடைத்தது. எங்களை அந்தமானுக்குக் கப்பல் ஏற்றினார்கள், காடு வெட்டிய இடத்தில் ரப்பர்க் கன்று வைக்கிற வேலைக்கு.

அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் சண்டை. அண்ணன் கடுதாசி போடுவார்: இங்கே குளிர் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, நம் ஆட்கள் இருக்கிறார்கள், மாற்றல் கேட்டு மனுப் போடு. அந்தக் கடுதாசி வந்த அன்று இவர் சோறு சாப்பிட மாட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார். வேலைச் சீட்டில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருப்பதால் மனுவில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்று நின்றேன். லயத்தை விட்டு ஒரு தடவை, முகாமை விட்டு ஒரு தடவை மூட்டை கட்டியாகிவிட்டது. மூன்றாவது தடவை கட்ட என் உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

"இங்க என்னா இருக்கு ராசம்மா? ஒரு உருளக்கெழங்குகூட வெளையாத ஊரு" என்றார் ஒரு நாள்.

"நான் வெளைய வச்சுக் காட்டுறேன்" என்றேன். வாய்தானே, வந்துவிட்டது.

அவர் விடவில்லை. "வெளஞ்சா இருப்போம். வெளையலேன்னா மனுவுல கையெழுத்துப் போடு. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். விளையாட்டுப் பேச்சு இல்லை. இரண்டு பேருமே சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னோம்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஒரு பலா மரத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த இடத்தில் புது குவார்ட்டர்ஸுக்குக் கம்பம் நட வேண்டும் என்று எங்கள் ஃபீல்டு ஆபீசர் குறித்து வைத்திருந்தார். இந்திக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார், அது வேடிக்கையா உத்தரவா என்று எங்களுக்குப் பிடிபடாது. நான் கொத்துவதைப் பார்த்துவிட்டு, "ஆலூ யஹாங் நஹி ஹோகா" என்றார்; உருளை இங்கே ஆகாது என்று. பிறகு என் மூஞ்சியைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, விளைந்தால் கம்பத்தைத் தள்ளி நட்டுக்கொள்கிறேன், இந்தத் துண்டை உனக்கே தோட்டமாக எழுதிவைக்கிறேன், ஆனால் என் கண் முன்னால் தோண்டிக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் மூலம் சொல்லிவிட்டுப் போனார். ஆக, அந்தப் பாத்தியில் கிழங்கு வந்தால் எங்களுக்கு இந்த ஊரும் உண்டு, ஒரு துண்டு மண்ணும் உண்டு. வராவிட்டால் இரண்டும் போச்சு.

கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்கிற நேரம் பார்த்து, முளைக் கிழங்குகளைக் கண்ணுக்கு ஒரு துண்டாக வெட்டிச் சாம்பல் தொட்டு நட்டேன். எங்கள் மலையில் வெயில் வேண்டுமென்று ஏங்குவோம், இங்கே வெயிலிலிருந்து செடியைக் காப்பாற்றுவதே பாடாக இருந்தது. உச்சிவேளைக்குத் தென்னை ஓலை சாத்துவேன், சாயங்காலம் எடுப்பேன், மண்ணுக்கு மேல் பலா இலையை மெத்தை மாதிரி பரப்பிவைப்பேன். அதைவிடப் பெரிய பாடு தண்ணீர். மார்கழி போனால் எங்கள் பக்கத்து ஓடை வற்றிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் மினோதி தீதியின் கிணறு இருந்தது. தீதி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தவள், எங்களுக்கு ரொம்ப வருஷம் முன்பே இந்தத் தீவில் இறக்கி நிலம் கொடுக்கப்பட்ட குடும்பம். தனி மனுஷி, புருஷன் இறந்து மூன்று வருஷம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இரண்டு பேருக்கும் பொதுவான இந்தி இரண்டு பேரிடமும் நொண்டியடித்தது.

செடி முழங்கால் உயரம் வந்தபோது தீதி வேலியைத் தாண்டி வந்தாள். "ஆலூ?" என்றாள். தலையாட்டினேன். "நோதுன் ஆலூ" என்று சொல்லி, பெருவிரலால் சுட்டுவிரலைத் தேய்த்துக் காட்டினாள். புதுசு என்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. புதுக்கிழங்கைப் பெருவிரலால் தேய்த்தால் தோல் தானாக உரிந்து வரும், எங்கள் ஊரிலும் அப்படித்தான் பார்ப்போம். கடுகெண்ணெய், உப்பு, பச்சை மிளகாய் என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். தன் நாட்டை விட்டு வந்த பிறகு புதுக்கிழங்கு சாப்பிடவில்லை என்பதை அவள் சொல்லாமலேயே தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பேச்சில்லாமல் ஒரு பேச்சு முடிந்தது: காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் தண்ணீர் எனக்கு, தோண்டியதும் முதல் கூடை அவளுக்கு. கிணற்றில் எனக்கென்று தனியாக ஒரு கயிறும் வாளியும் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் சாயங்காலம் வந்து பாத்தியின் தலைமாட்டில் குந்தியிருந்து, மண் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள்.

வீட்டுக்காரரும் தண்ணீர் ஊற்றினார், களை எடுத்தார். பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிற மனுஷன் இவ்வளவு செய்கிறாரே என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். சில நாள் வேலைக்குப் போகும் முன்பே எழுந்து பாத்திப் பக்கம் நிற்பார். இந்த ஊரில் சூரியனுக்கு ஏக அவசரம், ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். நான் அடுப்புப் பற்றவைப்பதற்குள் அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து நிற்பார். மாசி பிறந்து செடியின் அடியிலை மஞ்சளாக ஆரம்பித்தது. அதே வாரம் வீட்டுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. எலிதான் எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்று கூரை இடுக்கெல்லாம் குச்சி விட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீசர் வந்தார். தீதி வெளுத்த சேலை கட்டி, ஒரு சின்ன மூங்கில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் பலா மரத்தில் சாய்ந்து நின்றார். முதல் செடியின் அடியில் கொத்தைப் போட்டு, தண்டைப் பிடித்துத் தூக்கினேன். வேர் வந்தது. வேரில் பட்டாணி அளவில் நாலைந்து முத்து தொங்கியது. அவ்வளவுதான். ஓரத்துச் செடி, சரியாக ஊட்டமில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்ததைத் தூக்கினேன். அதிலும் அதே கதை. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. நான் கைகளால் மண்ணை வாரி வாரிப் பார்த்தேன். கிழங்கு இருந்த குழி இருந்தது, கிழங்கு இல்லை. கிழங்கை வேரோடு இணைக்கிற அந்த வெள்ளை நூல் அறுந்து தொங்கியது. பத்துச் செடிக்கு அப்புறம் ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சோடோ, சோடோ" என்றார். விடு, விடு என்று. போகும்போது பாத்தியைக் கையால் வளைத்துக் காட்டி, "காலி ஜகா" என்றார். காலி இடம். நாளைக்குக் கம்பத்துக்கு ஆள் வரும் என்று அர்த்தம்.

அப்போது என் கண் தீதி மேல் விழுந்தது. தினமும் சாயங்காலம் குந்தியிருந்தது, மண்ணைத் தொட்டது, கண்ணை மூடி எச்சில் விழுங்கியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் தலைக்குள் ஏறியது. எனக்குத் தெரிந்த இருபது இந்தி வார்த்தையில் அதுவும் ஒன்று. "சோர்!" என்றேன். திருடி. போய்க்கொண்டிருந்த ஆபீசர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். "தும் சோர்!" லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தீதி பதிலுக்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. என்னை, பிறகு ஆபீசரை, பிறகு வாசலில் நின்ற அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தன் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. கூடையைத் திருப்பி, அதில் ஒன்றுமில்லை என்று கவிழ்த்துக் காட்டிவிட்டு, வேலியைத் தாண்டிப் போனாள். கிணற்றடியில் நின்று என் வாளியின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய்விட்டார். நான் வெறி பிடித்தவள் போல மிச்சப் பாத்தியையும் புரட்டினேன். அழுதுகொண்டே பலா இலை மெத்தையை வாரி எறிந்தபோது, ஒரு மேட்டின் பக்கவாட்டில் மண் புதிதாக இருப்பது தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. இலையின் மேல் சுண்டைக்காய் அளவில் ஒரு கல். அடுத்த செடியிலும் அதே இலை, அதே கல். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கல்லை விளக்க வேண்டுமென்றால் உங்களை எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் துரைசாணி உருளை போட்டிருப்பாள். தோட்ட வேலைக்கு இருந்தவர் இவர்தான், அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. செடியைப் பிடுங்கினால் தெரிந்துவிடும். அதனால் மேட்டின் பக்கத்தில் கையை விட்டு, வேரைத் தடவி, பெரிய கிழங்கு ஒன்றிரண்டை மட்டும் திருகி எடுத்துவிட்டு, மண்ணைத் தள்ளி, புறங்கையால் தட்டி மூடுவார்கள். மேலே ஒரு காய்ந்த இலை. அங்கே அடிக்கிற காற்றில் இலை பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு சின்னக் கல். செடி பச்சையாகவே நிற்கும், துரைசாணிக்குத் துளிகூடத் தெரியாது. இவர் மடியில் கட்டிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்த முதல் சாமானே அப்படி எடுத்த புதுக்கிழங்குதான். ரங்கத்தில் எங்கள் லைனில் எங்களைத் தவிர இந்தக் கைவேலை தெரிந்தவர் யாரும் இல்லை. மற்றவர்கள் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்து ஆட்கள், உருளைச் செடியையே இங்கே வந்துதான் பார்த்தார்கள். மாசியில் காற்றே அடிக்காத இந்த ஊரில் அந்தக் கல்லுக்கு ஒரு வேலையும் இல்லை. பழகின கை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

உள்ளே போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கல்லை அவர் மடியில் போட்டேன்.

"எங்க?" என்றேன்.

அவர் குனிந்து, கட்டிலுக்கு அடியில் சாமான் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். மூடியைத் திறந்ததும் ஒரு வாரமாக நான் தேடின எலி எதுவென்று தெரிந்துவிட்டது. சாம்பலுக்குள் கிழங்கு. எலுமிச்சங்காய் அளவில், சிலது அதைவிடப் பெரிதாக, அத்தனையும் என் பாத்தியில் விளைந்த கிழங்கு. இளந்தோல் கிழங்கைப் பறித்து இந்தப் புழுக்கத்தில் மூடிவைத்தால் என்ன ஆகும்? பாதி அழுகிச் சளியாகிக் கிடந்தது.

"பந்தயத்துல ஜெயிக்க என் வயித்துலயே அடிச்சீங்களா?" என்று கத்தினேன். "பாவி மனுஷா, அந்தப் பொம்பளைய ஊருக்கு முன்னால திருடின்னு சொல்ல வச்சுட்டீங்களே!"

"ஏமாத்தணும்னு இல்ல ராசம்மா" என்றார். "வெளையாதுன்னுதான் நெனச்சேன். தை கடைசியில சும்மா கைவிட்டுப் பாத்தேன். இம்மாம் பெருசு கையில தட்டுச்சு. பயந்துட்டேன்."

"கெழங்கு வெளஞ்சதுக்கு எவனாவது பயப்படுவானா?"

"இனி இங்கேயேதான்னு ஆயிருச்சேன்னு பயந்தேன். பெறவு, கோத்தகிரிக்குப் போனா வெதைக்கு ஆகுமேன்னு எடுத்து வச்சேன். அங்க குளுருல நல்லா வருமில்ல, நீ போட்ட கெழங்கு." சாம்பல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளச் சொல்லும்போது நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. தப்புதான்."

அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. நான் இரண்டையும் செய்யவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போனேன். "தீதி, தீதி" என்று கூப்பிட்டேன். கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் நின்றது. திரும்பி வந்து, "நாளைக்குக் காலையில பெரட்டுக்கு இந்த டின்ன நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றேன். பெரட்டு என்றால் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடம், நாங்கள் அந்தச் சொல்லையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். "எல்லாருக்கும் முன்னால நான் சொன்னேன், எல்லாருக்கும் முன்னால நீங்க சொல்லணும்."

"ஆபீசர் என்னயப் பத்தி என்னா நெனப்பாரு?"

"திருடன்னு நெனப்பாரு. நெனக்கட்டும்."

பெரட்டுக் களம் ரோட்டோரம். திங்கட்கிழமை காலை அறுபது பேருக்கு மேல் வரிசையில் நிற்க, கம்பத்துக்கு வந்த ஆட்களும் கடப்பாரையோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தீதி தினமும் அந்த நேரத்தில் பால் எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் பஜாருக்குப் போவாள். அவள் வரும்வரை நான் இவரை வாய் திறக்க விடவில்லை. அவள் எங்களைப் பார்க்காமல் கடக்கப் போனபோது நான் ரோட்டின் குறுக்கே போய் நின்றேன். வழி விடு என்று கையால் காட்டினாள். நான் விடவில்லை. அவள் பால் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள், இன்னொரு தடவை திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். கூட்டம் கசமுசா என்று பேச ஆரம்பித்தது. இவர் வரிசையை விட்டு வெளியே வந்து, டின்னை ஆபீசர் காலடியில் வைத்துத் திறந்தார்.

என்னைவிட அவருக்கு இந்தி வரும். "சாகிப், ஆலூ ஹுவா தா" என்றார். கிழங்கு விளைந்தது. "மைனே நிகாலா. யே அவுரத் சோர் நஹி. மை சோர்." நான்தான் எடுத்தேன், இந்தப் பெண் திருடி இல்லை, நான் திருடன். சொல்லும்போது அவர் தலையைக் குனியவில்லை, தீதியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்ததில் அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கியது. ஆபீசர் குனிந்து, அழுகாத ஒரு கிழங்கை எடுத்து, பெருவிரலால் தேய்த்தார். தோல் உரிந்து வந்தது. "அப்னா ஹி ஆலூ சோரி கியா?" தன் கிழங்கைத் தானே திருடினாயா என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஏன் என்று இவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கம்பத்து ஆட்களைப் பார்த்து, தள்ளிப் போய் நடுங்கள் என்று கையை வீசினார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் இவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

தீதி டின்னையும் பார்க்கவில்லை, என் கும்பிட்ட கையையும் பார்க்கவில்லை. பால் செம்போடு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பாத்தியைத் திரும்பப் போட்டோம். காலியாகக் கிடந்தால் நாளைக்கு ஆபீசர் மனசு மாறலாம், அந்தப் பயம் எனக்கு. பறித்த புதுக்கிழங்கை உடனே நட்டால் முளைக்காது, இரண்டு மூன்று மாசம் தூங்கித்தான் கண் திறக்கும், அதற்குள் இங்கே மழை பிடித்து மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். அதனால் மண்ணைக் கொத்தி, பழைய வேரையெல்லாம் பொறுக்கி, மேட்டைத் திருப்பிக் கட்டி, வத்தாளங்கொடி நட்டோம். உங்கள் பக்கம் சர்க்கரைவள்ளி என்பீர்களே, அதுதான். அவர் மேடு கட்டினார், நான் கொடியைச் சாய்த்து வைத்தேன். நட்டு முடித்ததும் தண்ணீர் வேண்டும். குடத்தை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றேன். கிணற்றில் என் கயிறு இல்லை. அழுகாத கிழங்கில் நல்லதாகப் பார்த்துக் கழுவி ஒரு தட்டில் கொண்டுபோயிருந்தேன், அதை வேலி மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்துத் தீதி வந்தாள். தன் வாளியால் தானே தண்ணீர் இறைத்து, வேலிக்கு மேலாக என் குடத்தில் ஊற்றினாள். இரண்டு குடம், கணக்காக. பிறகு தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "நோதுன்" என்றாள், என்னிடம் இல்லை, கிழங்கிடம். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் இந்த நாலு வருஷமாக எனக்குத் தண்ணீர் இல்லை என்று அவள் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கயிறு மறுபடி கிணற்றில் தொங்கியதும் இல்லை, அவள் வேலியைத் தாண்டி என் பாத்தியின் தலைமாட்டில் வந்து குந்தியதும் இல்லை. நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்கு எந்தப் பாஷையிலும் தெரியவில்லை.

அன்று தீதிக்குக் கொடுத்தது போக டின்னில் ஒரு கை அளவு மிஞ்சியது. அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இத வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். வச்சுக்கங்க என்றேன். புதுச் சாம்பல் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

இப்போது வருஷா வருஷம் அப்படியே நடக்கிறது. கார்த்திகையில் கப்பல் கிழங்கின் முளையை நடுவேன். மாசியில் இரண்டு பேரும் சேர்ந்து தோண்டுவோம். முதல் கூடை வேலி மேல் போகும். அவர் நல்லதாகப் பொறுக்கி ஒரு கை அளவு டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். அண்ணனின் கடுதாசி இன்னும் வருகிறது. மனு அவர் கையெழுத்தோடு மட்டும் பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறது, பந்தயத்தில் தோற்ற மனுஷன், ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. வைகாசியில் மழை பிடிக்கும், டின்னில் இருப்பது அழுகும். ஆனியில் ஒரு நாள், அவர் வேலைக்குப் போன பிறகு, அதைக் கொட்டி, கழுவிக் காயவைத்து, சாம்பல் மட்டும் போட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவேன். டின் லேசாகிவிட்டது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் கேட்பதில்லை, நான் சொல்வதில்லை.

இந்த ஆனியிலும் கொட்டத்தான் எடுத்தேன். வெளியே சோவென்று மழை. மூடியைத் திறந்தால் வழக்கமான நாற்றம் இல்லை. சாம்பலைக் கிளறினேன். எல்லாம் சுருங்கிப் போயிருந்தன, சிலது தொட்டதும் நசுங்கின. ஒன்று மட்டும் கெட்டியாக இருந்தது. அதன் கண்ணில் குட்டையாக, தடிமனாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. கப்பல் கிழங்கின் சோகை முளை இல்லை, எங்கள் மலையில் விதைக் கிழங்குக்கு வருகிற மாதிரியான முளை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். பாத்தியில் வத்தாளங்கொடி மழையில் தலையாட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் பாத்தியில் நட்டால் ஒரு வாரத்தில் போய்விடும், கோத்தகிரிக் குளிரில் நட்டால் வரும். அழுகினதை எல்லாம் பொறுக்கிக் கொட்டினேன். அந்த ஒன்றைச் சாம்பலுக்குள் முளை ஒடியாமல் வைத்து, மூடியை அழுத்தாமல் லேசாக மூடி, டின்னைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளாமல், கட்டிலுக்கு அடியில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.